டாங்கியின் இடப்பக்கத்து நெளிவு

என்ட மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் அடக்கமான மையவாடியைக் கடந்து போகிற ஆம்பிளைகள் உங்களுக்கு ஸலாம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். நான் உள்ளே வர இயலாது. மதிலுக்கு வெளியே வண்டியைக் கொஞ்சம் மெதுவாக்கி, உதட்டுக்குள் சொல்லிவிட்டுப் போவதுதான் என்னால் முடிந்தது. மூன்று கிழமையாக அதுவும் இல்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஓம், வண்டியை என்றுதான் எழுதியிருக்கிறேன். உங்கட மோட்டார் சைக்கிளை இப்போது நான் ஓடுகிறேன். நீங்கள் இருந்திருந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டு நாள் கதைக்காமல் இருந்திருப்பீர்கள்.

கல்யாணம் முடித்த முதல் வருசத்திலிருந்தே பழக்கித் தாருங்கள் என்று கேட்டேன். "நான் இருக்கக்குள்ள உனக்கு என்னத்துக்குப் புள்ள வண்டி?" என்று சொல்லிவிட்டு முன்னால் ஏறிக்கொள்வீர்கள். பத்தொன்பது வருசம் கல்முனைக்குடியிலிருந்து ஒலுவில் வரைக்கும் உங்கட முதுகைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். என்னைக் கேற்றடியில் இறக்கிவிட்டு நீங்கள் இறக்காமத்து வயலுக்குத் திரும்புவீர்கள். பாசத்தில்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். உள்ளுக்குள் கொஞ்சம் கோபமும் இருந்தது. அதை உங்களிடம் காட்டவில்லை.

நீங்கள் போய் வருசம் ஆகப்போகிறது. அன்றைக்குக் காலையில் வழமைபோல என்னை இறக்கிவிட்டுப் போனீர்கள். பத்து மணிக்கு வயலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரம்பில் உட்கார்ந்தீர்களாம். பக்கத்து வயலில் நின்ற உங்கட கூடப்பிறந்த மூத்த காக்கா ஓடி வந்து, ஆட்டோ பிடித்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. பின்னேரம் ஜனாஸா வீட்டில் சனம் நிறைந்து நின்றபோது வண்டியைக் காக்கா ஓட்டிக்கொண்டு வந்து முன்விறாந்தையில் நிறுத்தினார். அந்தச் சத்தம் கேட்டு, நீங்கள்தான் வருகிறீர்கள் என்று ஒரு நொடி நினைத்தேன். ஒரு நொடிதான்.

இத்தா இருந்த நாலு மாதமும் பத்து நாளும் அறைக்குள்ளிருந்து அந்த வண்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நம்மட மகள் ஹஸ்னா அதைப் பார்க்கவே மாட்டாள். வாசலால் போகும்போது மற்றப் பக்கம் திரும்பிக்கொள்வாள். நீங்கள் மௌத்தாகி ஒன்பதாம் நாள் அவளுக்குப் பரீட்சை. கண் வீங்கின மாதிரியே போய் எழுதிவிட்டு வந்தாள். நல்ல ரிசல்ட், மச்சான். கம்பஸ் அனுமதிக் கடிதத்துக்காகக் காத்திருக்கிறாள். அவள் உங்களிடம் வந்து சொல்லியிருக்க வேண்டிய செய்தி. நான் சொல்கிறேன், குறை நினைக்காதீர்கள்.

இத்தா முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கியதும் பஸ்ஸில் போய்ப் பார்த்தேன். ஒலுவில் சந்தியில் இறங்கி வெயிலில் நடந்து போய்ச் சேர்வதற்குள் முதல் பாடம் தொடங்கியிருக்கும். என்னோடு படிப்பிக்கிற ரூத் டீச்சரை உங்களுக்குத் தெரியும், கல்முனையில் மெதடிஸ்ட் கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கிறவ. அவதான் தன்ட ஸ்கூட்டியைத் தந்து மைதானத்தில் என்னை ஓட வைத்தா. விழுந்தால் சிரிக்க மாட்டேன் என்று முதலே சத்தியம் பண்ணிவிட்டா. பிறகு சுபஹு தொழுதுவிட்டு, கடற்கரை ரோட்டில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாக நம்மட வண்டியை எடுத்துக் கியர் மாற்றப் பழகினேன். லைசன்சும் எடுத்தேன்.

எனக்குப் பெரிய மச்சானான உங்கட காக்காவிடம் சொன்னபோது அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வண்டியை விற்றுவிடலாம் என்று அவர் முதலில் இருந்தே சொல்லிக்கொண்டிருந்தவர். கடைசியில், "ஒருதரம் விழுந்தாலும் நான் வண்டியக் கொண்டு போயிருவன், நஸீறா. பிறகு கதைக்கப்படாது" என்றார். பொம்பிளை ஓடுவது அவருக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். அந்த மனிதரைப் பற்றி அப்படித்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டும் திரிந்தேன். அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும்.

விழுந்த கதைக்கு வருகிறேன். ஒரு செவ்வாய்க்கிழமை, பள்ளிக்கூடம் விட்டு வரும்போது. மெயின் ரோட்டிலிருந்து நம்மட ஒழுங்கைக்குள் திரும்பினேன். யாரோ வீடு கட்ட ஏற்றிப் போன மணல் முடக்கில் கொட்டிக் கிடந்தது. நடக்கிற வேகத்தில்தான் வந்தேன். மணலைக் கண்டதும் பயத்தில் முன் பிரேக்கைப் பிடித்துவிட்டேன். முன் சில்லு வழுக்க, வண்டி இடப்பக்கம் சரிந்தது. விட்டிருக்க வேண்டும். விடாமல் தாங்கப் பார்த்தேன். அந்தப் பாரம் முழுவதும் என்ட இடது மணிக்கட்டில் வந்து இறங்கியது.

முன்வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் ஓடி வந்து தூக்கித் தந்தார்கள். பெற்றோல் வாடை. யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அவர்களைக் கேட்டுக்கொண்டு வீடு வரைக்கும் உருட்டி வந்தேன். கை விண் விண் என்று வலித்தது. அபாயாவின் நீளக் கை நல்லது, வீக்கம் வெளியே தெரியாது.

விறாந்தையில் நிறுத்திவிட்டுப் பார்த்தேன். ஹேண்டில் ஒரு பக்கம் திரும்பி நின்றது. கிளச் லீவர் வளைந்து போயிருந்தது. இடப்பக்கக் கண்ணாடி சிதறிவிட்டது. சிக்னல் லைட் வயரில் தொங்கியது. கியர் லீவர் உள்பக்கமாக மடங்கி இன்ஜினில் முட்டிக்கொண்டு நின்றது. கால் வைக்கிற கம்பியும் பின்னால் வளைந்திருந்தது. பெற்றோல் டாங்கியின் இடப்பக்கம், நீங்கள் ஒட்டின மாஷா அல்லாஹ் ஸ்டிக்கர் பாதி உரிந்து கிழிந்திருந்தது.

பெரிதாக ஒன்றும் இல்லை என்று எந்த மெக்கானிக்கும் சொல்லியிருப்பான். ஆனால் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிய, வழமைபோல காக்கா வீட்டுக்கு வருவார். சந்தியில் இருக்கிற கராஜில்தான் அவர் தினமும் தேத்தண்ணி குடிக்கிறவர். அங்கே கொண்டுபோனால் நான் வீட்டுக்கு வந்து சேருமுன் செய்தி அவரிடம் போய்விடும். எனக்கு இரண்டரை நாள் இருந்தது.

அடுத்த நாள் பஸ்ஸில் போய் வந்து, உங்கட சாமான்கள் கிடந்த பழைய பிஸ்கட் டின்னைத் திறந்தேன். ஸ்பானர், சுத்தியல், ரப்பர் துண்டுகள், நீங்கள் வயலுக்குக் கட்டுகிற பழைய சாரத்தின் எண்ணெய் பிடித்த ஒரு கிழிசல். அதை மூக்கில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. பிறகு போனில் யாரோ செய்து காட்டுகிறதைப் பார்த்துப் பார்த்துத் தொடங்கினேன்.

முன் சில்லை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இறுக்கிப் பிடித்து ஹேண்டிலைத் திருப்ப வேண்டும். ஒரு கையால் திருப்பியதில் மூன்று தரம் தவறி, நாலாம் தரம் நேரானது. கியர் லீவரின் ஆணியைக் கழற்றினேன். லீவர் அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி, அரை மணித்தியாலம் விட்டு, மெல்லத் தட்டித் தட்டி இழுத்து எடுத்தேன். பலகையை அடியில் வைத்து அதைச் சுத்தியலால் அடித்தேன். உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். முதல் அடி பலகைக்கும் இல்லை, லீவருக்கும் இல்லை, தரைக்குத்தான் விழுந்தது. அடி பழகப் பழக உங்கள் மீது கோபம் வந்தது. ஏன் எனக்கு ஒன்றும் காட்டித் தராமல் போனீர்கள் என்று கேட்டுக் கேட்டு அடித்தேன். நிமிர்ந்துவிட்டது.

கிளச் லீவர் அலுமினியம், நிமிர்த்தப் போனால் முறியும் என்று போனில் சொன்னார்கள். வியாழக்கிழமை வரும் வழியில் சாய்ந்தமருதில் இறங்கி, நம்மை அறியாத ஒரு கடையில் லீவரும் கண்ணாடியும் வாங்கினேன். எந்த வண்டிக்கு என்று கடைக்காரர் கேட்டார். அவர் மாடலைத்தான் கேட்டிருப்பார். "என்ட வண்டிக்கு" என்று சொன்னேன். சொல்லிவிட்டு, மிச்சக் காசை வாங்க மறந்து ரோட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்று பின்னேரம்தான் மச்சான், உங்கட களவு பிடிபட்டது.

கால் வைக்கிற கம்பியை நிமிர்த்தும்போது அதில் ஏற்கனவே சுத்தியல் அடிபட்ட தடங்கள் இருந்தன. துரு ஏறாத, அவ்வளவு பழசில்லாத தடங்கள். வளைந்த கிளச் லீவரைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பிரேக் லீவரும் அதுவும் ஒரே சோடி இல்லை. பழைய வண்டிதானே என்று விட்டுவிட்டேன். பிறகு கிழிந்த ஸ்டிக்கரைத் தண்ணீர் வைத்து உரித்தேன். அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நெளிவு. என்ட விழுகையில் வந்ததாக இருந்தால் பெயின்ட் புதிதாக உரிந்து தகரம் தெரிந்திருக்கும். இது அப்படி இல்லை. நெளிவுக்குள் சிவப்பை யாரோ சின்னத் தூரிகையால் கோடு கோடாகப் பூசியிருந்தார்கள். டாங்கியின் சிவப்பு இல்லை அது. கொஞ்சம் ரோசா கலந்த சிவப்பு.

சுத்தியல் சத்தம் நின்றுவிட்டது என்றோ என்னவோ ஹஸ்னா எழும்பி வந்தாள். கிட்டத்தட்ட ஒரு வருசத்துக்குப் பிறகு முதல் தரமாக வண்டிக்குப் பக்கத்தில் குந்தினாள். அந்த இடத்தை நகத்தால் தடவிப் பார்த்தாள்.

"இது என்ட கியூடெக்ஸ், உம்மா."

பெரியம்மா மகளின் கல்யாணத்துக்கு, நகத்துக்குப் பூச வாங்கினதாம். கல்யாணம் முடிந்த இரண்டாம் நாள் வாப்பா கேட்டு வாங்கினாராம். மருந்தடிக்கிற மிசினில் அடையாளம் போட வேண்டும் என்று சொன்னாராம். போத்தலைத் திருப்பித் தரும்போது அரைவாசிக்கு மேல் முடிந்திருந்ததாம்.

நான் நாட்களைக் கணக்குப் பார்த்தேன். அந்தக் கல்யாணம் நீங்கள் மௌத்தாவதற்கு இரண்டு மாதம் முன்னால். அந்தக் கிழமை நீங்கள் நொண்டி நொண்டி வந்தது நினைவு வந்தது. வரம்பில் சறுக்கிவிட்டது என்றீர்கள். இடது கெண்டைக்காலில் கறுத்துப் போய் இருந்த இடத்தில் நான்தான் எண்ணெய் தேய்த்துவிட்டேன். என்ட கைக்குக் கீழேயே இருந்தது, எனக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காக்கா வரும்போது வண்டி நிமிர்ந்து நின்றது. சிக்னல் லைட்டைப் பசையும் ரப்பரும் வைத்துக் கட்டியிருந்தேன். புதுக் கண்ணாடி பளபளத்தது. டாங்கியின் இடப்பக்கம் சுவரைப் பார்க்க வண்டியைத் திருப்பி வைத்திருந்தால் அவருக்கு ஒன்றும் தெரிந்திராது. அப்படித்தான் செய்ய நினைத்திருந்தேன். முற்றத்தில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவரைப் பார்த்ததும் மனம் மாறிவிட்டது.

"பெரிய மச்சான், நான் வண்டியோட விழுந்திட்டன். அவரும் விழுந்தாரா?"

அவர் மற்றச் செருப்பைக் கழற்றவில்லை. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். வயலால் திரும்பி வரும்போது வாய்க்கால் முடக்கில் நீங்கள் முன்னால் போனீர்களாம். வண்டி மெதுவாகி, தானாகச் சரிந்ததாம். ஓடி வந்து பார்த்தால் உங்களுக்கு நெஞ்சு இறுக்கமாம், சட்டை பிழிகிற அளவு வேர்வையாம். பத்து நிமிசம் வாய்க்கால் கட்டின் மேல் படுத்துக் கிடந்தீர்களாம். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று அவர் கெஞ்சினாராம். நீங்கள் எழும்பி உட்கார்ந்து, வாய்வுதான், போய்விட்டது என்றீர்களாம். நஸீறாவுக்குத் தெரிந்தால் வீட்டில் கலவரம் வரும், புள்ளைக்குப் பரீட்சை கிட்டுது, அது முடியட்டும், அடுத்த நாளே போய்க் காட்டுறன் என்றீர்களாம். அல்லாஹ்வின் பேரில் அவரிடம் வாக்கு வாங்கினீர்களாம். அவர் வீட்டு முற்றத்தில் வைத்து இரண்டு பேருமாக வண்டியைத் திருத்தினீர்களாம்.

"நான் அண்டைக்கு அவனத் தூக்கிக் கொண்டு போயிருக்கணும்" என்றார் காக்கா. "அந்த வண்டியக் காணுற நேரமெல்லாம் வாய்க்கால் கட்டுத்தான் தெரியிது. அதுக்குத்தான் வித்துப்போடுவம் எண்டன். உன்ன மறிக்க இல்ல."

ஹஸ்னா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றதை நாங்கள் இரண்டு பேரும் கவனிக்கவில்லை. அவள் சத்தம் போடவில்லை. யாரிடமோ வழி கேட்கிற மாதிரித்தான் கேட்டாள்.

"பரீட்சைய அடுத்த வருசமும் எழுதலாமே, பெரியப்பா?"

அதற்கு உங்களிடம் பதில் இருக்கிறதா? ஜனாஸாவைத் தூக்கும்போதுகூட அழாத உங்கட காக்கா, ஒரு காலில் செருப்போடு படியில் இருந்து அழுதார்.

அல்லாஹ் எழுதின நேரம் அது என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கும் அந்த ஈமான் இருக்கிறது. அன்றைக்கே போயிருந்தாலும் நீங்கள் போயிருப்பீர்களோ என்னவோ. ஆனால் ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் ஒரு காலைநேரம் உங்களோடு பயந்துபோய் உட்கார்ந்திருக்கிற உரிமை எனக்கு இருந்ததே, அதை ஏன் தரவில்லை? இரண்டு மாதம், மச்சான். அந்த இரண்டு மாதமும் உங்கட முதுகுக்குப் பின்னால் இருந்து, பிள்ளைகளின் குறும்பையும் அதிபரின் ஏச்சையும் நான் அளந்துகொண்டே வந்தேன். நீங்கள் ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டு வந்தீர்கள். வாய்க்கால் கட்டின் மேல் படுத்திருந்தபோது பயமாக இருந்ததா? யாரை நினைத்தீர்கள்?

ஹஸ்னா அன்றைக்கும் அடுத்த நாள் காலையிலும் சாப்பிடவில்லை. நான் ஒரு கையால் சோற்றுப் பானையை இறக்குவதைப் பார்த்துக்கொண்டு குசினி வாசலில் நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், தசை பிடிப்பு மகள் என்று சொல்லத் தயாராகத்தான் இருந்தேன். அந்தச் சொல் தொண்டைக்கு வந்தபோது எனக்கே விளங்கியது, இது யாருடைய பேச்சு என்று.

பானையை வைத்துவிட்டுச் சட்டைக் கையைச் சுருட்டினேன். கை கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. "இத நான் உங்களுக்குச் சொல்ல இல்ல மகள். செவ்வாய்க்கிழமையில இருந்து நோகுது" என்றேன்.

அவள் ஏசினாள். அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து எனக்குப் பர்தாவைக் கட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். எலும்பில் சின்ன வெடிப்பு. பிளாஸ்டர் போட்டுவிட்டார்கள். நாலு நாள் எப்படிப் பொறுத்தீங்க என்று டாக்டர் கேட்டபோது ஹஸ்னா என்னைப் பார்த்த பார்வையை நான் எழுத மாட்டேன். வாங்கில் காத்திருந்த மூன்று மணித்தியாலமும் அவள் என்ட வலது கையை விடவில்லை.

ஆகவே இப்போது நான் பஸ்ஸில்தான் போகிறேன். வண்டி விறாந்தையில் நிற்கிறது. காக்கா அதைக் கொண்டுபோகவில்லை. அந்த வெள்ளிக்கிழமையே கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியடியில் குந்தி, கியர் லீவரை நான் ஒரு பல் கீழே மாட்டியிருப்பதைக் கண்டுபிடித்தார். கழற்றிச் சரியாக மாட்டினார். "நிமித்தின வேல நல்லாத்தான் இரிக்கி" என்றார். இப்போது இரண்டு நாளைக்கொருதரம் வந்து, பெற்றரி இறங்காமல் இருக்க ஸ்டார்ட் பண்ணி வைத்துவிட்டுப் போகிறார். டாங்கியைப் பெயின்ட் அடித்துத் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று ஹஸ்னா சொல்லிவிட்டாள். துணியை நனைத்து அந்த இடத்தை அவளே துடைக்கிறாள்.

ஒலுவிலில் கடல் இன்னும் உள்ளே வந்துவிட்டது. பள்ளிக்கூடம் விடும் வரைக்கும் நீங்கள் வண்டியை நிறுத்திவிட்டு நிற்கிற தென்னையடி இப்போது இல்லை. அடிக்கட்டை மட்டும் அலையில் கிடக்கிறது. போன கிழமை ரூத் டீச்சரோடு போய்ப் பார்த்தேன். எல்லாவற்றையும் அவவிடம் சொன்னேன். அவ என்ட புத்தகப் பையை வாங்கித் தன்ட தோளில் போட்டுக்கொண்டா.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. எழுதினால் அது பொய். இனி இந்த வீட்டில் பொய் வேண்டாம் என்று நானும் மகளும் பேசி முடித்திருக்கிறோம். எனக்கு ஒரு நோ வந்தால், ஒரு மயக்கம் வந்தால், அவளுக்குப் பரீட்சை நடக்கிற காலையாக இருந்தாலும் எழுப்பிச் சொல்வேன். இது அவளுக்குக் கொடுத்த வாக்கு.

உங்களுக்கும் ஒன்று தருகிறேன். கோபத்தோடேயே ஒவ்வொரு தொழுகையிலும் உங்களுக்காகக் கை ஏந்துவேன். இப்போது ஒரு கைதான் சரியாக ஏந்த முடிகிறது, அல்லாஹ் அதைக் கணக்கில் எடுப்பான். நீங்கள் உறங்குகிற கபுறை அவன் விசாலமாக்கட்டும், வெளிச்சமாக்கட்டும் என்று கேட்பேன். கோபம் தீர்கிற நாள் வந்தால் அன்றைக்கும் கேட்பேன். அதற்குப் பிறகும் கேட்பேன்.

இப்படிக்கு,
உங்கட மாமாட மகள், உங்கட பொஞ்சாதி, ஹஸ்னாட உம்மா
நஸீறா